‘வராது’ என்று சொன்ன பல் டாக்டர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் கோமதிநாயகம் பிள்ளை பல் வைத்தியம் பார்த்தார். காலை வேளைகளில் அதே அறையில் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கவும் செய்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சென்னையில் ஒரு வெள்ளைக்கார பல் டாக்டரிடம் பல வருஷம் கூட இருந்து கற்றவர். நாஞ்சில் நாட்டில் பெண் எடுத்து, மச்சினன் சொல்லைக் கேட்டு இங்கே வந்து கடை போட்டுவிட்டார். சாய்கிற நாற்காலி ஒன்று, காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவி ஒன்று, பலவிதக் குறடுகள், ஒரு பீங்கான் எச்சில் கிண்ணம். வகுப்புக்கு வந்தவர்கள் இரண்டே பேர். சிவதாணு என்று கரமனைக்காரன் ஒருவன். யோசுவா என்று மலையடிவாரத்து வித்துராக்காரன் ஒருவன். இருவருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல்.

பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனிதனுக்கு வரும் நோயில் பாதி சொத்தைப் பல்லிலிருந்து வருகிறது என்பார். பல்லின் வேரில் கட்டும் சீழ் ரத்தத்தில் கலந்து முட்டுக்குப் போகும், குடலுக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதின. அவரும் கண்ணால் கண்டிருந்தார். நடக்கவே முடியாதிருந்த ஒரு அம்மாள் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிய மறுவாரம் படியேறி வந்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நல்ல வாய் எப்படி இருக்கும் என்று காட்ட அவர் படத்தை எடுப்பதில்லை. "சிவதாணு, வாயைத் தொற" என்பார். சிவதாணு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பான். பல் எல்லாம் கோத்து வைத்தது போல் இருக்கும். ஈறு ரோஜா நிறம். "இப்படி ஒரு வாய் இருந்தா வைத்தியனுக்குச் சோறு கெடையாது" என்று பிள்ளை சொல்வார். யோசுவா சிரிப்பான்.

அது 1918. ரயில் திருவனந்தபுரத்துக்கு வந்த வருஷம். ஐப்பசி மழையோடு ஜுரமும் வந்தது. ரயிலில் ஏறி வந்தது என்று சனங்கள் சொன்னார்கள். பம்பாய் ஜுரம் என்று அதற்குப் பெயர். காலையில் கடை திறந்தவன் சாயங்காலம் படுத்தான். மறுநாள் அந்தக் கடை திறக்கவில்லை. இளவட்டங்களைத்தான் அது அதிகம் தேடிப் பிடித்தது. சாலைத் தெருவில் ஒருவன் இருமினால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திரும்பிப் பார்ப்பதையும் விட்டு விலகி நடந்தார்கள்.

பிள்ளைக்கும் பயம்தான். நாள் முழுக்க அடுத்தவர் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டிருப்பவர் அவர். மூச்சு நேராக அவர் மூஞ்சியில் வந்து படும். பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தார். பெரிய டாக்டர்களே ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கிருமி என்றார், ஒருவர் காற்று என்றார். ஒன்றில் மட்டும், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அரசாங்க அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்த சுந்தரராமன் அவரிடம் பல் பார்க்க வருகிறவர். வலியசாலை அக்ரகாரத்தில் வீடு. அவருடைய தம்பி பம்பாயில் இந்த ஜுரத்தில்தான் இறந்துபோயிருந்தான். ஒருநாள் படியேறி வந்து நின்றுகொண்டே பேசினார்.

"ஓய் டாக்டர், ஜனங்கள் நடுங்கிண்டிருக்கா. யாராவது படிச்சவா வந்து ரெண்டு வார்த்தை சொன்னாத் தேவலை. எங்க தெருவிலே நாளைக்கு எல்லாரையும் கூட்டறேன். நீர் வந்து பேசணும், கேட்டீரா?"

"நான் பல் டாக்டராக்கும். ஜுரத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"எங்களைவிடத் தெரியுமோன்னோ?"

மறுநாள் சாயங்காலம் கோவிலை ஒட்டிய கொட்டகையில் கூட்டம் நிறைந்திருந்தது. அக்ரகாரத்தார் ஒருபுறம், சாலைக் கடைக்காரர்கள் ஒருபுறம், பெண்கள் பின்னால். பிள்ளை பல்லைப் பற்றிப் பேசினார். சொத்தையைப் பற்றி, சீழைப் பற்றி, உப்புநீரில் வாய் கொப்பளிப்பதைப் பற்றி. நோய் நுழைகிற வாசல் வாய்தான் என்றார். சொல்லிக்கொண்டே வந்தபோது ஒன்றைக் கவனித்தார். யாரும் அசையவில்லை. யாரும் வெற்றிலை போடவில்லை. அத்தனை கண்ணும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

சுந்தரராமன் எழுந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் டாக்டர். சொத்தைப் பல்லே இல்லேன்னா, இந்த ஜுரம் வராதோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அந்த முகங்களைப் பார்த்தார். அவருக்கும் அந்த நேரத்தில் யாராவது அதைச் சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

"வராது" என்றார்.

கொட்டகை முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி பகவதியம்மாள் கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள். கூட்டத்தில் பின்வரிசையில் அவளும் இருந்தாள்.

"நெசமாட்டே வராதா?"

பிள்ளை செம்பைக் கீழே வைத்தார். "தெரியாது பகவதி."

"பின்ன எதுக்குச் சொன்னிய?"

அவர் காலைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அவள் சோறு எடுத்து வைத்தாள்.

விடிந்ததும் ஜவுளிக் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். படியெல்லாம் ஆட்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு வலியே இல்லை. "கறுப்பா ஒரு புள்ளி இருக்கு சாரே, எடுத்துருங்க" என்றார்கள். "எதுக்கும் இருக்கட்டும், அந்தப் பல்லையும் எடுத்துருங்க" என்றார்கள். பிள்ளை நாற்காலியில் வைத்துப் பிடுங்கினார், சிவதாணு பெஞ்சில் வைத்துப் பிடுங்கினான், யோசுவா சன்னலோரம் நின்றபடியே பிடுங்கினான். மரத்துப்போக வைக்கும் மருந்து மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. சனங்கள் மருந்து இல்லாமலே வாயைத் திறந்தார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, அழுத கண்ணோடு, தைரியமாகப் படியிறங்கிப் போனார்கள்.

படியில் நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இருமல் கேட்டது. முதல்நாள் ஒன்றிரண்டு. அடுத்து வந்த நாட்களில் இடைவிடாமல்.

அந்த வாரத்தில் ஒருநாள் யோசுவா வந்து தலையைச் சொறிந்தான். "சாரே, எனக்க அம்மையும் தங்கச்சியும் வித்துராவுல. அங்கயும் காய்ச்சல் வந்துட்டுன்னு சேதி வந்துது. ஒருக்கா போயிட்டு வரட்டா? அங்க பல்லு எடுக்க ஆளே இல்ல."

பிள்ளை யோசிக்கக்கூட இல்லை. தன்னுடைய பழைய குறடுகளைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். "போ. அங்கயும் ஜனங்க இருக்காங்கல்லா" என்றார்.

அவன் போன மறுநாள் தங்கையன் வந்தான். சாக்கை ரயிலடியில் வண்டியடிக்கிறவன். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் படியேற்றினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை அவன் உதட்டை விலக்கிப் பார்த்தார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஈறு நீலமாக இருந்தது.

சிவந்த ஈறு, வெளுத்த ஈறு, சீழ் கோத்த ஈறு, புகையிலைக் கறை படிந்த ஈறு எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். இந்த நிறத்தை உயிரோடு இருக்கிற ஒருவன் வாயில் அவர் பார்த்ததில்லை. தங்கையன் இருமினான். சூடான துளிகள் பிள்ளையின் கன்னத்தில் தெறித்தன. அவர் பின்னால் தாவினார். எச்சில் கிண்ணம் விழுந்து உடைந்தது.

"கொண்டு போங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கத்தினார்.

தங்கையன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சேதி வந்தபோது பிள்ளை கன்னத்தைக் கார்பாலிக் சோப்பால் தோல் எரியும்வரை தேய்த்துக்கொண்டிருந்தார். அவன் வாயில் சொத்தைப் பல் நிறைய இருந்ததல்லவா என்று சிவதாணு மெதுவாகச் சொன்னான். ஆமாம், இருந்தது. அதைக் கேட்டதும் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வெளியே வரிசை காத்திருந்தது. மறுபடியும் குறடும் கையுமாக நின்றார்.

அடுத்த நாள் சிவதாணு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிள்ளை கரமனைக்கு நடந்தார். வழியில் பல வீடுகளின் கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஆற்றங்கரைப் பக்கம் புகை போய்க்கொண்டிருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிவதாணுவின் தாயார் முத்தாரம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவரை உள்ளே கூட்டிப்போனாள். அவன் பாயில் கிடந்தான்.

"எப்பம்?" என்று பிள்ளை கேட்டார்.

"காலம்பற. தண்ணி கேட்டான். எடுத்துட்டு வாறதுக்குள்ள..." அவள் குனிந்து மகனின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "டாக்டரே, இஞ்ச பாருங்க. இது நீங்க எல்லாருக்கும் காட்டுத வாயில்லா? ஒரு சொத்தை உண்டா? பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு உண்டா?"

கோத்து வைத்தது போன்ற பல். அதைச் சுற்றி நீல ஈறு.

பிள்ளை வெளியே வந்தார். வந்த வழியிலேயே திரும்பி நடந்தார். நடக்கும்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. பல் வலியே இல்லாதவர்களையெல்லாம் ஒரே படியில் நெருக்கி நிறுத்தி வைத்தது யார்? காய்ச்சல்காரன் வாயில் விட்ட விரலைத் துடைத்து அடுத்தவன் வாயில் விட்டது யார்? அந்தப் படியில் நின்று வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது? வழியில் ஒரு கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாடி அறையின் கதவைப் பூட்டினார். கீழே நின்றவர்களிடம் இனிப் பல் பிடுங்குவதில்லை என்றார். அவர்கள் நம்பவில்லை. சுந்தரராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு ஏற்கெனவே நான்கு பல்லை எடுத்தாகிவிட்டது. பின்னால் அவர் மனைவி சாவித்ரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இவளுக்குத்தான் பாக்கி. இன்னிக்கு வரச்சொன்னேளே? எங்களை மாத்திரம் நடுவிலே விட்டுட்டுக் கதவைச் சாத்தினா எப்படி?"

"சுந்தரராமன், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. சிவதாணு போயிட்டான். அவனுக்கு ஒரு சொத்தை கெடையாது. பல்லுக்கும் இந்த ஜுரத்துக்கும் சம்பந்தம் இல்ல. கூட்டமா நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

"அன்னிக்கு வராதுன்னேள். இன்னிக்கு வரும்கறேள். நாங்க எதை நம்பறது?" சுந்தரராமன் கிட்டத்தட்ட அழுதார். யாரோ படியேறிப் போய்ப் பூட்டிய கதவை ஓங்கித் தட்டினார்கள். பிள்ளை பக்கத்துச் சந்தில் இறங்கி வீட்டுக்கு ஓடினார்.

வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் யோசுவாவின் ஞாபகம் வந்தது. துணியில் சுற்றிக் கொடுத்த குறடுகள் ஞாபகம் வந்தன. எழுந்துவிட்டார்.

"எங்க போறிய?" என்றாள் பகவதியம்மாள்.

"வித்துராவுக்கு."

"ஊர் பூரா சாவுது. இப்பமா?"

"அவன் அங்க நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்துகிட்டிருப்பான்."

அவள் வாசற்படியை மறித்து நின்றாள். பிறகு விலகினாள். தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள்.

மாட்டுவண்டி நெடுமங்காடு வழியாகப் போனது. வண்டிக்காரன் தும்மியபோது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை செருமியபோது அவன் திரும்பிப் பார்த்தான். நெடுமங்காட்டில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். வித்துரா போய்ச் சேர்ந்தபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது.

அன்று சந்தை நாள். சரக்கு அதிகமில்லை. ஆனால் கூட்டம் இருந்தது. ஒரு பலாமரத்தடியில் பெஞ்சு போட்டு யோசுவா நின்றிருந்தான். சட்டைக் கையில் ரத்தம். எதிரே வரிசை, வளைந்து சாலை வரைக்கும் போயிருந்தது. எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள், மலையடிவாரத்துக்காரர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். எல்லோரும் நெருங்கி நின்றார்கள். அங்கேயும் இருமல் கேட்டது.

பிள்ளைக்குத் திரும்பி வண்டியில் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

"யோசுவா, நிறுத்து."

"சாரே!" அவன் முகம் மலர்ந்தது. "நல்லவேளை வந்திய. ஒரு கையால முடியல பாத்துக்கிடுங்க. எல்லாரும் நம்பி வந்திருக்காங்க."

"நம்பக்கூடாது. நான் சொன்னது பொய்." அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தினார். "கேளுங்க! இவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பல்லு எடுத்தா ஜுரம் வராதுன்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். அது பொய்."

வரிசை கலையவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அவரையே வெறித்துப் பார்த்தாள். "அப்பம் எது செய்தா வராது? அதச் சொல்லிட்டுப் போங்க சாரே."

"எனக்குத் தெரியாதும்மா."

"ஒண்ணுமே தெரியாதா?"

"கூட்டத்துல நிக்காத. இருமுதவங்க பக்கத்துல போகாத. ஒருத்தர் குடிச்ச பாத்திரத்துல இன்னொருத்தர் குடிக்கவேண்டாம். படுத்துட்டாக் கஞ்சித்தண்ணி குடு. இவ்வளவுதான் தோணுது. இதுவும் சரியான்னு எனக்கு நிச்சயம் இல்ல."

"இதுக்குப் பல்லே எடுக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யாரோ கோபமாகச் சிரித்தார்கள். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

யோசுவா தாழ்ந்த குரலில் சொன்னான். "சாரே, பல்லு எடுத்துட்டுப் போறவங்க மொகத்தப் பாருங்க. ஒரு தைரியத்தோட போறாங்க. அதையும் இல்லாம ஆக்கணுமா? எனக்க தங்கச்சிக்கும் எடுத்துவிட்டேன். நல்லாத்தான் இருக்கா."

"சிவதாணு போயிட்டான், யோசுவா."

யோசுவா புரியாமல் பார்த்தான்.

"நேத்துக் காலம்பற. நான் போய்ப் பார்த்தேன்."

"அவனுக்க பல்லு..."

"அப்படியேதான் இருந்துது. ஒரு குறையும் இல்ல."

யோசுவாவின் கையிலிருந்த குறடு பெஞ்சில் விழுந்தது. அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து தங்கை இருந்த வீட்டுப் பக்கமாக ஓடினான்.

பல் எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும்தான் வரிசை மெல்லக் கலைந்தது. போகும்போது சிலர் பிள்ளையைத் திட்டினார்கள். குழந்தையோடு நின்ற பெண் மட்டும் திட்டவில்லை. முந்தானையால் குழந்தையின் வாயை மூடிக்கொண்டு, ஓரமாக, யாரையும் தொடாமல் நடந்து போனாள்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே பிள்ளைக்குக் குளிர் ஏறியது. பல் கிடுகிடுவென்று அடித்தது. ஊர் எல்லை வந்ததும் வீட்டுக்குப் போகவேண்டாம் என்று வண்டிக்காரனிடம் சொன்னார். மாடி அறையைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கண்ணாடியை எடுத்துத் தன் ஈறைப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார், நிழலில் பார்த்தார். நிறம் மாறுகிறதா என்று மறுபடி மறுபடி பார்த்தார். எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

சேதி கேட்டு பகவதியம்மாள் வந்தாள். அவள் காலடி படியில் ஏறுவது கேட்டது.

"ஏறாத! அங்கேயே நில்லு!"

"கஞ்சி கொண்டாந்திருக்கேன்."

"வச்சுட்டுப் போ. பகவதி, சொன்னாக் கேளு. நான் எத்தன வாய்க்குள்ள கை விட்டவன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கஞ்சியைப் படியில் வைத்தாள். போகவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இருக்கியளா?" என்று இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் "இருக்கேன்" என்பார். ஒருமுறை பதில் வரவில்லை. அவள் படியேறி வந்து கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். அவர் நாற்காலிக்கடியில் சுருண்டு கிடந்தார். பிறகு அவர் சொன்னது எதையும் அவள் கேட்கவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள்.

அவர் பிழைத்தார். அவளுக்கு ஜுரம் வரவே இல்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவளுக்குச் சொத்தைப் பல் இரண்டு இருந்தது. யோசுவாவின் தங்கை இறந்தாள், தாயார் பிழைத்தாள். சுந்தரராமனும் சாவித்ரியும் ஒன்றும் ஆகாமல் தப்பினார்கள். இதில் எந்தக் கணக்கும் இல்லை என்பதுதான் பிள்ளையை அதிகம் நடுங்க வைத்தது.

யோசுவா மறுபடி வகுப்புக்கு வரவில்லை. வேறு ஏதோ வேலைக்குப் போனான். வழியில் பார்த்தால் கும்பிடுவான், நிற்கமாட்டான். பிள்ளை கடையைத் தொடர்ந்து நடத்தினார். புதிதாக வந்து படித்தவர்களுக்குப் பல்லைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தார். மழைக்காலத்தில் படியில் மூன்று பேருக்கு மேல் நின்றால் இறங்கிப் போகச் சொல்லிவிடுவார். பைத்தியக்கார டாக்டர் என்று சாலைத் தெருவில் சிலர் சொன்னார்கள்.

அவருக்கு மிகவும் பயம் தந்தது வசவு அல்ல, நன்றிதான். "நீங்க பல்லு எடுத்ததாலதான் உசிரோட இருக்கேன்" என்று கிழக்கேகோட்டையில் வழிமறித்துச் சொல்பவர்கள் இருந்தார்கள். இறந்தவர்கள் யாரும் வந்து வழிமறிப்பதில்லை.

பல வருஷம் கழித்து, ஊரில் காலரா பற்றிப் பேச்சு எழுந்த ஒரு கோடையில், நடுவயதுக்காரி ஒருத்தி மகளை அழைத்துக்கொண்டு படியேறி வந்தாள். ஜெயலக்ஷ்மி என்று பெயர் சொன்னாள். வலியசாலைக்காரி. மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். பிள்ளை பெண்ணின் வாயைப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எதுக்கு அழைச்சிட்டு வந்தீங்க?"

"கடைவாயில ரெண்டை எடுத்துடுங்கோ டாக்டர். ஊர்ல வியாதி வரதுங்கறாளே. அந்தப் பம்பாய் ஜுரத்தப்போ எங்காத்துல எல்லாருக்கும் நீங்கதான் எடுத்தேள். அக்கா மாத்திரம் வலிக்கும்னு மாட்டேன்னுட்டா. அவதான் போனா."

பிள்ளை குறடுத் தட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். "அம்மா, அது பல்லால இல்ல. நான் அப்பவே எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"அதெல்லாம் நீங்க அடக்கமாச் சொல்றது."

"இல்லம்மா. நான் தப்பாச் சொல்லிட்டேன். தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. டாக்டர் ஊசி போட்டாப் போட்டுக்கோங்க. இந்தப் பல்லை நான் தொடமாட்டேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடி. இவர் இல்லேன்னா வேற யாராவது எடுத்துவிடுவா."

பிள்ளை அவர்கள் பின்னாலேயே படியிறங்கி ஓடினார். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. சாலைத் தெருவின் நெரிசலில் அந்தப் பெண்ணின் பச்சைத் தாவணி கொஞ்ச தூரம் தெரிந்தது. "அம்மா! நில்லுங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். தாயும் மகளும் திரும்பிப் பார்க்கவில்லை.